கருங்கல்லில் இருந்து வாழைக்குலை வரை: குமரி மாவட்டப் பாறையும் மண்ணின் சத்தும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலையோரத்தில் விளை (தோட்டம்) வைத்திருப்பவர்கள், கடலோரத்துக்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள், கல்குவாரிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் என்று பலரும் கேட்கும் கேள்விகள் இவை. பாறை சிதையும்போது அதிலிருந்து மண்ணுக்கும் தண்ணீருக்கும் என்ன கிடைக்கிறது, அதில் நமக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் விஷயம். வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை. ஆனால் செம்மண் பற்றிய கேள்வியை மட்டும் தாண்டிப் போக வேண்டாம்.

பாறையில் பயிருக்கான சத்து உண்மையிலேயே இருக்கிறதா?

இருக்கிறது, அதுவும் நிறைய. கார்பன், ஆக்சிஜன், ஹைட்ரஜன் மூன்றையும் செடி காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. நைட்ரஜனும் பெரும்பாலும் காற்றிலிருந்து வந்ததுதான். மற்றபடி பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம், பாஸ்பரஸ், இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம், செம்பு எல்லாம் ஒரு காலத்தில் கல்லுக்குள் இருந்தவை. கடையில் மூட்டையாக வாங்கும் பொட்டாஷ் என்ற பொட்டாசிய உரம்கூடப் பழைய கடல்கள் வற்றிப் படிந்த உப்புப் பாறையிலிருந்து தோண்டி எடுத்ததுதான். அந்தக் கடலுக்கு அதைக் கொண்டு போனவை ஆறுகள். ஆறுகளுக்குக் கொடுத்தவை மலைகள்.

பூமியின் மேலோட்டுப் பாறையைச் சராசரியாக எடுத்துப் பார்த்தால், ஒரு டன்னில் சுமார் 50 கிலோ இரும்பு, 40 கிலோ கால்சியம், 25 கிலோ பொட்டாசியம், 20 கிலோ மக்னீசியம் இருக்கும். பாஸ்பரஸ் ஒரு கிலோ அளவுதான். துத்தநாகமும் செம்பும் கிராம் கணக்கில்தான் வரும்.

ஆனால் வேர் இதை அப்படியே உறிஞ்ச முடியாது. ஒவ்வொரு அணுவும் படிகத்துக்குள் மற்ற அணுக்களோடு பிணைந்து கிடக்கிறது. அந்தப் பிணைப்பு அவிழ்ந்து, தண்ணீரில் கரைந்த பிறகுதான் அது செடிக்குச் சத்து. பாறைச் சிதைவு என்று சொல்வது இந்த வேலையைத்தான்.

நம்ம ஊர் கருங்கல் என்ன வகைக் கல்?

பெரும்பகுதி சார்னோகைட். நாகர்கோவிலைச் சுற்றியுள்ள மலைகள் முக்கியமாக இந்தக் கல்லால் ஆனவை. இதோடு கார்னெட் என்ற சிவப்புக் கனிமம் கலந்த, வரி வரியான நைஸ் பாறையும் கொண்டலைட் என்ற இன்னொரு உருமாறிய பாறையும் உண்டு.

புதிதாக உடைத்த கருங்கல் துண்டு ஒன்றைக் கையில் எடுத்து வெயிலில் திருப்பிப் பாருங்கள். எண்ணெய் பூசியது போன்ற பச்சை கலந்த கருநிறம் தெரியும். அதில் பெரும்பகுதி ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம். கண்ணாடிச் சில்லு போலத் தெரிவது குவார்ட்ஸ். இரும்பும் மக்னீசியமும் கொண்ட பைராக்சீன் கரும்பழுப்பாக இருக்கும். சிறு தகடுகளாக மினுங்குவது பயோடைட் என்ற கறுப்பு மைக்கா. சில துண்டுகளில் கார்னெட்டின் சிவப்புப் பொட்டுகளும் இருக்கும். பாஸ்பரஸ் தரும் அப்படைட் கண்ணுக்குத் தெரியாத அளவில் இவற்றுக்கு இடையே சிதறிக் கிடக்கும்.

இந்தப் பாறை இன்றைய நிலையை அடைந்தது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், ஆப்பிரிக்கா, அண்டார்டிகா எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டிருந்த காலம் அது. பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், 800 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில், கிட்டத்தட்டத் தண்ணீரே இல்லாத சூழலில் இந்தக் கனிமங்கள் உருவாயின. அப்படிப் பிறந்தவற்றை 27 டிகிரி வெப்பமும் இரண்டு பருவமழையும் உள்ள குமரி மாவட்டத்தில் கொண்டுவந்து வைத்தால் அவை நிலையாக இருக்க முடியாது. தண்ணீர் பட்டதும் வேறு பொருளாக மாறத் தொடங்குகின்றன.

சரி, மழைத்தண்ணீர் கல்லை எப்படிக் கரைக்கும்?

வெறும் தண்ணீராக இருந்தால் வேலை மிக மெதுவாக நடக்கும். மழைத்துளி காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகத்தான் விழுகிறது. மண்ணுக்குள் இறங்கியதும் அமிலம் இன்னும் கூடுகிறது. வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிடுவதால் மண் இடுக்கில் உள்ள காற்றில் வெளிக்காற்றைப் போலப் பத்து மடங்கு, சில சமயம் நூறு மடங்குவரை கரியமில வாயு இருக்கும். சோடாத் தண்ணீரில் இருக்கும் அதே கார்பானிக் அமிலம்தான் இங்கே ஃபெல்ட்ஸ்பாரைத் தாக்குகிறது.

அப்போது நடப்பது இது. அமிலத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் அயனி படிகத்துக்குள் புகுந்து பொட்டாசியத்தையோ கால்சியத்தையோ சோடியத்தையோ வெளியே தள்ளுகிறது. சிலிக்காவில் ஒரு பகுதி கரைந்து போகிறது. மிஞ்சிய அலுமினியமும் சிலிக்காவும் தண்ணீரோடு சேர்ந்து கயோலினைட் என்ற வெள்ளைக் களிமண்ணாகின்றன. பைராக்சீனும் பயோடைட்டும் சிதையும்போது மக்னீசியம் வெளியேறும். இரும்பு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து துருவாகி அங்கேயே தங்கிவிடும். நம்ம மண்ணின் சிவப்பு அந்தத் துருதான்.

எல்லாக் கனிமமும் ஒரே வேகத்தில் சிதைவதில்லை. 1938இல் சாமுவேல் கோல்டிச் என்ற அமெரிக்கப் புவியியலாளர் இதை வரிசைப்படுத்தினார். அதிக வெப்பத்தில் உருவான இரும்பு, மக்னீசியக் கனிமங்கள் முதலில் போகும். கால்சியம் மிகுந்த ஃபெல்ட்ஸ்பாரும் சீக்கிரம் போய்விடும். பொட்டாசிய ஃபெல்ட்ஸ்பார் பிந்தித்தான் சிதையும். குவார்ட்ஸ் கடைசிவரை நிற்கும். ஆற்றிலும் கடற்கரையிலும் நீங்கள் மிதிக்கும் மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

வெயிலுக்கும் வேருக்கும் இதில் பங்கு இல்லையா?

நிறையவே உண்டு. பகல் சூடும் இரவுக் குளிரும் மாறி மாறிப் பாறையில் விரிசல் விடச் செய்கின்றன. மேலே இருந்த மண்ணும் பாறையும் அரித்துப் போய்ப் பாரம் குறைவதால் பெரிய பாறைகள் தகடு தகடாகப் பெயர்கின்றன. மருந்துவாழ் மலை ஏறும் வழியில் இப்படிப் பெயர்ந்த தகடுகளைப் பார்க்கலாம். விரிசலில் ஆல், அரசு வேர் இறங்கிவிட்டால் அது இன்னும் விரியும்.

விரிசல் விடுவதால் மட்டும் சத்து வராது. தண்ணீர் தொடும் பரப்பு கூடுவதுதான் ஆதாயம். ஒரு மீட்டர் கனசதுரக் கல்லுக்கு 6 சதுர மீட்டர் மேற்பரப்பு. அதையே ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக உடைத்தால் 600 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் துகள்கள் என்றால் 6,000. முழுக் கருப்பட்டியை விட உடைத்துப் போட்ட கருப்பட்டி சீக்கிரம் கரைகிற அதே கணக்கு.

பாறையின் மேல் முதலில் குடியேறுவது கல்பாசி. இது பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் உயிரினக் கூட்டு. கறி மசாலாவில் போடுகிறோமே, அதுவும் இந்த வகைதான். ஆக்சாலிக் அமிலம் போன்றவற்றைச் சுரந்து கல்லின் மேல்தோலை அரிக்கும். மண்ணுக்குள் வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சை இழைகளும் இதே வேலையைச் செய்கின்றன. ஐரோப்பியக் காட்டு மண்ணில் ஃபெல்ட்ஸ்பார் மணிகளுக்குள் பூஞ்சைகள் துளையிட்டுப் போன மெல்லிய சுரங்கங்களை 1997இல் ஆராய்ச்சியாளர்கள் நுண்ணோக்கியில் காட்டினார்கள். வேருக்கு எட்டாத இடத்தில் உள்ள பாஸ்பரஸையும் பொட்டாசியத்தையும் பூஞ்சை எடுத்து மரத்துக்குக் கொடுக்கிறது. மரம் பதிலுக்குச் சர்க்கரை கொடுக்கிறது. மலைக்காடு உயிரோடு இருக்கும்வரை அடியில் பாறை வேகமாகச் சிதையும் என்பதை இதோடு சேர்த்துப் புரிந்துகொள்ளலாம்.

சிதறால் மலைச் சிற்பங்கள் ஆயிரம் ஆண்டு தாண்டியும் நிற்கின்றனவே. பாறை சிதைகிறது என்பது உண்மையா?

நல்ல கேள்வி. சிதறாலில் உள்ள சமணச் சிற்பங்கள் ஒன்பதாம் நூற்றாண்டை ஒட்டியவை. தீர்த்தங்கரர்களின் உருவக் கோடுகள் இன்னும் தெளிவாக இருக்கின்றன. அதே மலையின் அடிவாரத்தில் வீட்டுக்கு வாணம் தோண்டினால், மண்வெட்டிக்கே உதிரும் கல் வருகிறது. இரண்டும் ஒரே காலம் மழை பார்த்த இடங்கள்தான்.

தண்ணீர் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதில்தான் வித்தியாசம். செங்குத்தான மொட்டைப் பாறையில் மழை பெய்தவுடன் வழிந்து ஓடி, அடுத்த வெயிலில் காய்ந்துவிடும். மண் மூடிய பாறையில் ஈரம் மாதக்கணக்கில் நிற்கும். வேர் விடும் அமிலமும் கூடவே இருக்கும். ஆகவே கண்ணுக்குத் தெரியும் பாறையை விட, மண்ணுக்கு அடியில் மறைந்திருக்கும் பாறைதான் பல மடங்கு வேகமாகச் சிதைகிறது. வெளியே தெரியும் மலையை மட்டும் பார்த்தால் இந்த வேலை நடப்பதே தெரியாது.

இதைக் கண்ணால் பார்க்க வழி உண்டா?

குலசேகரம், திருவட்டாறு, அருமனை பக்கம் சாலைக்கோ மனைக்கோ புதிதாக வெட்டிய மண்மேடு இருந்தால் போய்ப் பாருங்கள். மழைக்காலத்தில் மட்டும் வேண்டாம், சரிந்துவிடும். மேலே ஒரு சாண் அளவு கருமை கலந்த மண், வேர்கள் நெருக்கமாக. அதன் கீழே சரல் கலந்த செம்மண். அப்புறம் பல இடங்களில் வெட்டுக்கல். அதற்கும் கீழே சிவப்பு, மஞ்சள், வெள்ளை திட்டுத் திட்டாகக் கலந்த களி.

அதற்கும் கீழே உள்ள அடுக்கில்தான் நின்று கவனிக்க வேண்டும். பார்த்தால் கல் மாதிரியே இருக்கும். பாறையின் பழைய வரிகள், பட்டைகள் எல்லாம் அப்படியே தெரியும். விரலால் அழுத்தினால் மாவாக உதிரும். ஃபெல்ட்ஸ்பார் இருந்த இடத்தில் வெள்ளைக் களி, பைராக்சீன் இருந்த இடத்தில் துருப்பொட்டு, குவார்ட்ஸ் மட்டும் விரலில் நறநறக்கும். உருவம் கல்லுடையது, உள்ளே இருந்த பொட்டாசியமும் கால்சியமும் பெரும்பாலும் தண்ணீரோடு போய்விட்டன. அதன் நடுவே உருண்டையாக, பழுப்புத் தோல் போர்த்திய முழுக் கருங்கல் ஒன்றிரண்டு மாட்டிக்கொண்டிருக்கும். சுத்தியலால் தட்டினால் தோல் உரியும், உள்ளே பழைய பச்சைக் கருமை. அந்தப் பழுப்புத் தோலில்தான் இன்றைக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.

செம்மண் இவ்வளவு ஆழமாக இருக்கிறதே. பிறகு ஏன் வருஷா வருஷம் உரம் போட வேண்டியிருக்கிறது?

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். ஆழமான செம்மண்ணைப் பார்த்து வளமான மண் என்று நினைத்து நிலம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

மண் ஆழமாக இருக்கிறது என்றால் பாறை வெகுகாலமாகச் சிதைந்திருக்கிறது என்று அர்த்தம். சிதையும்போது வெளிவந்த சத்தை யார் வாங்கிக்கொண்டார்கள்? கொஞ்சம் மரங்கள். மீதியை மழை. விளவங்கோடு, கல்குளம் பக்கம் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கின்றன. லட்சக்கணக்கான ஆண்டுகள் இப்படி அலசி அலசி, கரையக்கூடிய பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் மூன்றும் ஆற்றுக்குப் போய்விட்டன. கரையாத இரும்பும் அலுமினியமும் கயோலினைட்டும் குவார்ட்ஸும் மிஞ்சின. வெட்டுக்கல் என்பது இந்த மிச்சம் இறுகியதுதான்.

கயோலினைட் களிக்கு இன்னொரு குறை உண்டு. நாம் போடும் பொட்டாஷைப் பிடித்து வைத்துக்கொள்ளும் திறன் அதற்குக் குறைவு. கரிசல் மண்ணின் களியோடு ஒப்பிட்டால் பல மடங்கு குறைவு. ஒரே தடவையில் மொத்தப் பொட்டாஷையும் கொட்டினால், அடுத்த கனமழையில் ஒரு பங்கு ஓடையில் போய்ச் சேரும். பிரித்துப் பிரித்துப் போடச் சொல்வது அதனால்தான்.

பாஸ்பரஸின் கதை தலைகீழ். அது ஓடிப்போவதில்லை, மாட்டிக்கொள்கிறது. செம்மண்ணில் உள்ள இரும்பு, அலுமினியத் துருக்கள் பாஸ்பேட்டை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. 1976இல் வாக்கர், சையர்ஸ் என்ற இரு மண்ணியலாளர்கள் நியூசிலாந்து மண்களை வைத்து இதை விளக்கினார்கள். இளம் மண்ணில் பாஸ்பரஸ் அப்படைட்டில் இருக்கும். மண்ணுக்கு வயதாக ஆக, ஒரு பகுதி உயிர்ப்பொருளுக்குள் போகும். மீதி துருக்களுக்குள் சிக்கும். மொத்த அளவும் குறைந்துகொண்டே வரும். நம்ம மலையோரச் செம்மண் அந்தக் கதையின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது.

ஆக, அடியில் பாறை இன்னும் சத்து கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அது வேருக்கு எட்டாத ஆழத்தில். மேலே வாழையும் மரச்சீனியும் (மரவள்ளி) நிற்கும் மண்ணில் கொடுப்பதற்குப் பெரிதாக மிச்சம் இல்லை.

அப்படியானால் பேச்சிப்பாறைக்கு மேலே காடு எப்படி அவ்வளவு செழிப்பாக இருக்கிறது? அங்கே யார் உரம் போடுகிறார்கள்?

காடு தன்னிடம் இருக்கும் சத்தை வெளியே விடுவதில்லை. இலை விழுந்து மக்கும் முன்பே பூஞ்சை இழைகளும் மெல்லிய வேர்களும் அதில் புகுந்து எடுத்துக்கொள்கின்றன. காட்டின் பொட்டாசியமும் பாஸ்பரஸும் பெரும்பாலும் மரத்திலும் சருகிலும் மேல்மண்ணிலும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பாறை புதிதாகக் கொடுப்பது, சுற்றில் தவறிப்போகும் சிறு அளவை ஈடுகட்ட மட்டுமே. சரிவான மலையில் மேல்மண் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துப் போவதால் புதுப்பாறை வேருக்கு அருகில் வந்துகொண்டிருப்பதும் ஒரு உதவி.

தோட்டத்தில் நாம் குலையை வெட்டி வடசேரிச் சந்தைக்கு அனுப்புகிறோம். ஏத்தன், மட்டி, செந்துளுவன் என்று எந்த வாழையும் பொட்டாசியத்தை ஏராளமாக எடுத்துக்கொள்ளும் பயிர். ஒவ்வொரு லோடிலும் விளையின் பொட்டாசியம் வண்டியேறிப் போகிறது. அதைப் பாறை அதே வேகத்தில் திருப்பித் தரும் என்று எதிர்பார்க்க முடியாது. தண்டையும் இலையையும் வெளியே வீசாமல் விளையிலேயே மக்கவிட்டால், வாழை எடுத்ததில் பெரும்பங்கு அங்கேயே நிற்கும்.

மாவட்டம் முழுக்க ஒரே மாதிரிதானா?

இல்லை. ஆரல்வாய்மொழி, அகஸ்தீஸ்வரம் பக்கம் மழை மலையோரத்தில் பெய்வதில் பாதிகூட இல்லை. அலசல் குறைவு என்பதால் பொட்டாசியமும் கால்சியமும் மண்ணில் கொஞ்சம் மிஞ்சியிருக்கின்றன; மண்ணின் புளிப்பும் (அமிலத்தன்மையும்) குறைவு. நாஞ்சில் நாட்டு வயல்களின் கதை வேறு. அங்கே வயல் தன் அடியில் உள்ள பாறையை நம்பி இல்லை. பழையாறும் குளங்களும் சானலும் மலையிலிருந்து கொண்டுவந்த வண்டல், கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகத்துக்கும் தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்டிருக்கிறது.

நைட்ரஜனும் பாறையிலிருந்து வருமா?

கொஞ்சம் வரும். 2018இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், உலக அளவில் இயற்கை நிலங்களுக்குச் சேரும் நைட்ரஜனில் கால்பங்குவரை பாறையிலிருந்து வரலாம் என்று கணக்கிட்டார்கள். அது முக்கியமாகப் பழைய கடலடிச் சேற்றிலிருந்து உருவான படிவுப் பாறைகளுக்குப் பொருந்தும். நம்ம சார்னோகைட்டில் அதை எதிர்பார்க்க வேண்டாம். இங்கே பயறுவகை வேர்முடிச்சுகளும் மக்கும் தழையும்தான் வழி.

குளத்து வண்டல் அடித்தால் நல்லதா?

நல்லது. மழையில் அரித்துப்போன மேல்மண்ணின் மிக நுண்ணிய பகுதி, களியும் மக்கும் சேர்ந்து, குளத்தில்தான் படிகிறது. பாறை விடுவித்த சத்தில் ஆற்றுக்குத் தப்பியது அங்கே இருக்கிறது. மணற்பாங்கான தென்னந்தோப்புக்கு இது ஈரத்தையும் பிடித்து வைக்கும். குளம் தூர்வாரும்போது விவசாயிகள் அரசு அனுமதியோடு வண்டல் எடுக்க வழி இருக்கிறது.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். மேலே படிந்த கறுத்த வண்டலை மட்டும் எடுங்கள். அடியில் உள்ள வெள்ளைக் களியில் சத்து கிடையாது. அப்புறம், ஊர்ச் சாக்கடை கலக்கும் குளமாக இருந்தால் சோதித்த பிறகு மட்டும் எடுங்கள்.

கிரஷரில் கிடைக்கும் பாறைத்தூளைத் தோட்டத்தில் போடலாமா?

இதை இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். பிரேசில் போன்ற நாடுகளில் பாறைத்தூள் உரமாகப் பயன்படுகிறது, உண்மைதான். அங்கே அதிகம் பேசப்படுவது பசால்ட் என்ற எரிமலைப் பாறை. அது சீக்கிரம் சிதையும் கனிமங்கள் கொண்டது. நம்ம கருங்கல்லில் பாதிக்கு மேல் குவார்ட்ஸும் பொட்டாசிய ஃபெல்ட்ஸ்பாரும். இரண்டும் கடைசியில் சிதைபவை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காய்க்கும் தென்னை ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 கிலோ பொட்டாஷ் என்பது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. அதில் சத்து சுமார் 1.2 கிலோ. கருங்கல் தூளில் பொட்டாஷ் சத்து 4 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 30 கிலோ தூளில் அதே 1.2 கிலோ இருக்கும். கேட்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் மூட்டைப் பொட்டாஷ் ஒரு மழையில் கரையும். தூளில் உள்ளதில் ஒரு ஆண்டில் வெளிவருவது மிகச் சொற்பம். மீதி பல பத்தாண்டுகள் எடுக்கும். பொட்டாசியத்தைக் கரைத்துத் தரும் நுண்ணுயிர் உரங்கள் கொஞ்சம் துணை செய்யும். முழு வேலையையும் அவை செய்துவிடாது.

கையில் சும்மா கிடைக்கும் நுண்ணிய தூளைத் தொழுவுரத்தோடு மக்கவைத்துப் போடுவதில் தவறில்லை. காசு கொடுத்து வாங்கிப் பொட்டாஷை நிறுத்திவிடுவது நட்டம். முக்கியமாக ஒன்று: குவார்ட்ஸ் தூள் மூச்சில் போனால் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரும். அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. தூளை நனைக்காமல், முகக்கவசம் இல்லாமல் யாரும் கொட்ட வேண்டாம். பிள்ளைகளைப் பக்கத்தில் விடவே வேண்டாம்.

அப்போ ராக் பாஸ்பேட் மட்டும் எப்படி வேலை செய்கிறது? அதுவும் கல்தானே?

கல்தான். ஆனால் அதில் அப்படைட் வகைக் கனிமம் செறிந்திருக்கிறது. அமிலம் பட்டால் அது கரையும். மலையோரத்தின் புளிப்பு மண் அந்த அமிலத்தைத் தருகிறது. ரப்பர்த் தோட்டங்களில் நெடுங்காலமாக இது பயன்படுவது அதனால்தான். புளிப்பு இல்லாத தோவாளை வயலில் போட்டால் கரையாமல் கிடக்கும்; அங்கே சூப்பர் பாஸ்பேட்தான் சரி. ராக் பாஸ்பேட்டையும் சுண்ணாம்பையும் ஒரே நேரத்தில் போட்டு ஒன்றை ஒன்று கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

மணவாளக்குறிச்சி மணலில் பாஸ்பேட் இருக்கிறதாமே. உரத்துக்கு ஆகாதா?

ஆகாது. அங்கே இருப்பது மோனசைட். அருமண் தனிமங்களும் தோரியமும் சேர்ந்த பாஸ்பேட் அது. ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் 1909இல் இந்தக் கரையின் மணலில் இதைக் கண்டறிந்தார். மலையில் பாறை சிதைந்தபோது அப்படைட் வழியிலேயே கரைந்து போனது. மோனசைட், இல்மனைட், சிர்கான், ரூட்டைல், கார்னெட் எல்லாம் எளிதில் கரையாத கனமான மணிகள் என்பதால் ஆறுகளோடு வந்து கடலோரத்தில் சேர்ந்தன. இந்தியக் கடற்கரை மோனசைட்டில் 8, 9 சதவீதம் தோரியம் ஆக்சைடு இருக்கிறது, கதிரியக்கம் உள்ளது. சட்டப்படி தனியார் யாரும் எடுக்கக் கூடாத பொருள். எந்த மண்ணிலும் அதன் பாஸ்பரஸ் வேருக்குக் கிடைக்காது.

மலையில் கரைந்த சத்து கடலில் என்ன ஆகிறது?

மீனாகிறது என்று சொன்னால் மிகையில்லை. கோதையாறும் பரளியாறும் சேர்ந்து குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டணத்திலும், வள்ளியாறு கடியப்பட்டணத்திலும், பழையாறு மணக்குடியிலும் கடலில் சேர்கின்றன. கலங்கல் தண்ணீரில் மண் போவது கண்ணுக்குத் தெரியும். தெளிந்த தண்ணீரிலும் கரைந்த சிலிக்கா போகிறது. உலக ஆறுகளின் சராசரி லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் அளவு.

கடலில் டயாட்டம் என்ற நுண்ணிய தாவர உயிர் இருக்கிறது. அதன் ஓடு சிலிக்காவால் ஆனது. சிலிக்கா இல்லாமல் அது பெருக முடியாது. சிலிக்காவின் முக்கிய மூலம் சிதையும் பாறை. நம்ம சாளை மீனுக்கு டயாட்டம் பிரியமான இரை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கடலின் ஆழத்துக் குளிர்ந்த தண்ணீர் கரையோரம் மேலெழும்பும். அது கொண்டுவரும் நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்காவில் டயாட்டம் பெருகும். அந்த ஆழத்துச் சத்தும் முன்னொரு காலத்தில் ஏதேதோ மலைகளிலிருந்து ஆறுகள் கொண்டு போனதுதான். இந்த ஆண்டுச் சாளைக்கு இந்த ஆண்டு மழையில் கோதையாறு கொண்டு வந்தது மட்டும் காரணம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. மேலெழும் தண்ணீரின் பங்கு பெரிது. ஆறு கடலில் சேரும் பொழிமுகங்களுக்கும் மணக்குடி அலையாத்திச் செடிகளுக்கும் ஆற்றுச் சத்து நேரடியாக உதவுகிறது.

அணைகள் இதில் குறுக்கே நிற்கின்றன. 1906இல் கட்டி முடிந்த பேச்சிப்பாறையும் அதன் பிறகு வந்த அணைகளும் பாசனம் தந்தன. கூடவே மலை வண்டலில் ஒரு பங்கையும் தம் அடியில் தேக்கிக்கொண்டன.

குவாரியில் மலையை உடைத்தால் பாறை சீக்கிரம் சிதைந்து சத்து அதிகம் வராதா?

சிலர் இப்படி வாதாடுவதைக் கேட்டிருக்கிறேன். மேற்பரப்பு கூடும் என்பது சரிதான். ஆனால் உடைத்த கல் இங்கே மண்ணில் விழுந்து கிடப்பதில்லை. லாரியில் ஏறிக் கட்டடத்துக்கும் சாலைக்கும் துறைமுகத்துக்கும் போய்விடுகிறது. இங்கே மிஞ்சுவது, மண்ணும் மரமும் உரிக்கப்பட்ட செங்குத்துப் பாறைச் சுவர். முன்பு சொன்னது போல, மொட்டைப் பாறையில் தண்ணீர் நிற்காது, சிதைவும் மிக மெதுவாகத்தான் நடக்கும். ஈரத்தைப் பிடித்து, அமிலம் சுரந்து, வெளிவந்த சத்தை வாங்கி வைத்துக்கொண்ட காடுதான் அங்கே இருந்த ஏற்பாடு. குவாரி முதலில் எடுப்பது அதைத்தான்.

மனை நிரப்ப மேல்செம்மண்ணை அள்ளுவதும் இதே அளவு கெடுதல். ஒரு சென்டிமீட்டர் மண் உருவாகச் சில நூறு ஆண்டுகள், பல இடங்களில் ஆயிரத்துக்கும் மேல் ஆகும். பொக்லைன் ஒரு மத்தியானத்தில் அள்ளும் மண்ணைப் பாறை நம் பேரப்பிள்ளைகளின் காலத்திலும் திருப்பித் தராது. இந்த மாவட்டத்தில் பிறந்த எவரும் இதைக் கண்டும் காணாமல் இருக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

பாறைச் சிதைவு கரியமில வாயுவைக் குறைக்கும் என்கிறார்களே?

குறைக்கும். கரியமில வாயு பைகார்பனேட்டாக மாறி ஆற்றோடு கடலுக்குப் போகிறது. லட்சக்கணக்கான ஆண்டுகளில் பூமியின் வெப்பத்தை நிதானப்படுத்துவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் மனிதர்கள் ஓர் ஆண்டில் விடும் புகையோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய அளவு. அதற்கு ஈடுகொடுக்கும் வேகம் பாறைக்கு இல்லை.

என் விளையில் எந்தச் சத்து குறைவு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இலை முதல் தகவல் தரும். தென்னையின் அடி மட்டைகளில் ஓலை நுனியிலிருந்து மஞ்சளாகி, ஈர்க்கை ஒட்டிப் பச்சை மிஞ்சினால் மக்னீசியக் குறை. மலையோரத்தில் இது சாதாரணம். அடி மட்டை ஓரம் கருகினால் பொட்டாசியம். குருத்தோலை சுருங்கி விரியாமல் வந்தால் போரான். நடவு முடிந்த சில வாரங்களில் நெல்லின் கீழ் இலைகளில் துருப்புள்ளி விழுந்தால் துத்தநாகம்.

உறுதியாகத் தெரிய மண் பரிசோதனை வேண்டும். உரம் போட்ட உடனே எடுக்கக் கூடாது. போட்டு மூன்று மாதமாவது ஆகியிருக்க வேண்டும். வயல், மரச்சீனி போன்றவற்றுக்கு மேலே உள்ள சருகை விலக்கி, ஆங்கில வி எழுத்து வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, பக்கவாட்டில் ஒரே கனத்தில் சீவி எடுங்கள். தென்னை, ரப்பர் என்றால் 30, 60, 90 சென்டிமீட்டர் ஆழங்களில் தனித்தனியாக. ஒரு ஏக்கரில் பத்துப் பதினைந்து இடங்களில் எடுத்துக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர் பங்குகளைத் தள்ளித் தள்ளி, கடைசியில் அரைக்கிலோ வைத்துக்கொள்ளுங்கள். நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போட்டு வேளாண் விரிவாக்க மையத்தில் கொடுக்கலாம். தழை, மணி, சாம்பல் சத்தோடு (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம்) நிறுத்தாமல் அமிலத்தன்மை, மக்னீசியம், துத்தநாகம், போரான் நான்கையும் கேட்டு வாங்குங்கள். மேட்டு விளை மண்ணையும் தாழ்ந்த வயல் மண்ணையும் ஒரே பையில் கலந்துவிட வேண்டாம். கலந்தால் வரும் சீட்டு இரண்டு நிலத்துக்கும் பொருந்தாது.